நாவலருக்கு லண்டனில் ஒரு அண்ணன்

பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனுக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஊற்றாமல் என்ன செய்யும்? வெள்ளைச் சட்டைக்கு மேலே பழுப்பு ஸ்வெட்டர், அதற்கும் மேலே கழுத்து வரைக்கும் போர்வை. படுத்திருப்பது ஐயப்பன்தாங்கலில் ஒரு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எட்டாத பக்கம் போட்ட மடக்குக் கட்டிலில். "ராணி வந்தாங்களா இல்லையா? சீக்கிரம் வரச் சொல்லுங்கப்பா. நான் ராஜினாமா பண்ணிட்டு ஸ்வெட்டரைக் கழட்டணும்" என்று புலம்புகிறார். இங்கிலாந்து ராணியோ இரண்டாவது மாடியில் அம்மாவின் ஹேண்ட்பேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டு இப்படி ஓரமாக வாருங்கள். கீழே ஒயர் கிடக்கிறது, தடுக்கிக்கொள்ளாதீர்கள். இது எங்கள் ஃப்ளாட்ஸ் பொங்கல் விழாவுக்கான நாடக ஒத்திகை. வருஷா வருஷம் கோலப்போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் என்று நடக்கிற விழாதான். இந்த முறை மியூசிக்கல் சேருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "நாற்காலிக்கு ஓடுறதுதானே அரசியல்? அதையே நாடகமா போட்டா என்ன?" என்று முதல் மாடி பேங்க் சார் கிளப்பிவிட்டார். ஓய்வுபெற்ற மேனேஜர், பிரிட்டிஷ் அரசியல் என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. கட்சித் தலைமை கைமாறிய சில ராத்திரிகளை எடுத்துக்கொள்வது. நடந்ததை ஒரு தடவை, நடக்காமல் போனதை ஒரு தடவை நடித்துக் காட்டுவது. கடைசியில் பார்க்க வந்தவர்களிடம் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பது. இதுதான் திட்டம். எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதாவது எல்லோருடைய திட்டையும் வாங்குகிற வேலை.

டெப்போவில் வேலை பார்க்கும் கண்டக்டர் அண்ணன் ஆரம்பத்திலேயே கொடி பிடித்தார். "சார், மவுன்ட்-பூந்தமல்லி ரோட்ல உக்காந்துகிட்டு லண்டன் கதை எதுக்கு? இந்த ரோட்லயே நாலு நாடகத்துக்கு விஷயம் கிடக்கு." அவர் சொல்வதிலும் தப்பில்லை. இங்கிருந்து கிழக்கே போரூர் ஏரியைத் தாண்டிப் போனால் எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டம். போரூரில் திரும்பி ஆற்காடு சாலையைப் பிடித்தால் விருகம்பாக்கம். 1966 கடைசியில் தி.மு.க. மாநாடு கூடி, அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வரப்போகிற பட்டியலை அண்ணா வாசித்த இடம். மேற்கே பூந்தமல்லி, அதையும் தாண்டி ஸ்ரீபெரும்புதூர். மெட்ரோ தூண்களுக்கு அடியில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறோமே, அந்த ரோட்டில்தான் தமிழ்நாட்டு அரசியல் இரண்டு மூன்று தடவை திசை திரும்பியது. ஆகவே பஞ்சாயத்து பேசி, பாதி லண்டன் பாதி சென்னை என்று முடிவானது.

ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'ஆணி'. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு ஆணியைத்தான் பிடுங்கலாம். ஒருவர் வாயைத் திறந்தது, ஒரு டாக்டர் சொன்னது, இரண்டு ஓட்டு இடம் மாறியது, இப்படி ஏதாவது ஒன்று. மற்றதெல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். திடீரென்று எல்லோருக்கும் நல்ல புத்தி வந்தது என்றெல்லாம் எழுதக்கூடாது. பிடுங்கிய பிறகு கட்டடம் ஆடினால் அது உயிருள்ள ஆணி. ஒன்றுமே ஆகவில்லையென்றால் சும்மா அடித்து வைத்த ஆணி. நீங்கள் வடிவேலுவை நினைத்துச் சிரிப்பது தெரிகிறது. நாங்களும் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

முதல் காட்சி 1940 மே 9. டவுனிங் தெருவில் ஒரு மேஜை, நாலு பேர். நார்வே சண்டையில் பட்ட அடியால் பிரதமர் சேம்பர்லின் போயாக வேண்டும். வரப்போவது வின்ஸ்டன் சர்ச்சிலா, வெளியுறவு மந்திரி ஹாலிஃபாக்ஸ் பிரபுவா? கட்சியில் பெரும்பாலோருக்கும் மன்னருக்கும் ஹாலிஃபாக்ஸைத்தான் பிடித்திருந்தது. கேள்வி வந்தது. வாயாடி சர்ச்சில் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஹாலிஃபாக்ஸே பேசினார்: தான் பிரபுக்கள் சபையில் இருப்பவன், மக்கள் சபைக்குள் கால் வைக்க முடியாதவன், போர்க்காலத்தில் பிரதமராக இருப்பது சரிப்படாது. அவ்வளவுதான், கதை முடிந்தது. மறுநாள் சர்ச்சில் பிரதமர்.

ஒத்திகையில் சர்ச்சிலாக நடிப்பவர் பி பிளாக் அசோசியேஷன் செக்ரட்டரி. அவரால் அரை நிமிஷம் பேசாமல் இருக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் காட்சியின் பெரிய சிக்கல்.

இந்த ஹாலிஃபாக்ஸ் வேறு யாருமில்லை, நம்ம இர்வின் பிரபு! 1926 முதல் 1931 வரை இந்தியாவின் வைஸ்ராய். ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தபோது டெல்லியில் உட்கார்ந்திருந்தவர். 1931 மார்ச் 5-ம் தேதி காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்தவர் சர்ச்சில். இதைக் கேட்டதும் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்றாவது மாடித் தங்கச்சி துள்ளினாள். "அங்கிள், அப்ப இர்வினே 'சரி'ன்னு சொல்லியிருந்தா நமக்குச் சீக்கிரமே சுதந்திரம் வந்திருக்குமே!" பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட சேதி சொல்லப் போகிறார் என்று அர்த்தம். பிரதமராகாமலே, அதே மே மாதக் கடைசியில், இத்தாலி வழியாகச் சமாதானம் பேசிப் பார்க்கலாமா என்று மந்திரிசபையில் வாதாடியவர் ஹாலிஃபாக்ஸ். அவர் நாற்காலியில் இருந்திருந்தால் ஹிட்லரோடு ஏதோ ஒரு ராசி ஏற்பட்டிருக்கலாம். "அப்ப இர்வின் வேணாம் சார், இருக்கறவரே இருக்கட்டும்" என்று கண்டக்டர் அண்ணன் ஆணியை மறுபடி அடித்துவிட்டார். வங்கப் பஞ்சத்தை நினைத்தால் எனக்கு அந்த அளவுக்குச் சர்ச்சில் மேல் தாராளம் வரவில்லை. ஆனாலும் ஓட்டெடுப்பில் தோற்றேன்.

சரி, ராணி வந்துவிட்டார், கையில் ஹேண்ட்பேக்கோடு. மேக்மில்லன் கட்டிலுக்குப் போவோம். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி இதுதான். காரணம், 1963 அக்டோபர். அந்த மாதம் 2-ம் தேதி இங்கே காமராஜர் கட்சி வேலைக்காக முதல்வர் நாற்காலியிலிருந்து தானே எழுந்து போனார். பக்தவத்சலம் வந்து உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் லண்டனிலும் ஒரு நாற்காலி ஆடத் தொடங்கியது. மேக்மில்லன் எழுந்திருக்க நினைக்கவே இல்லை. அடுத்த தேர்தலையும் நானே சந்திக்கிறேன் என்று 7-ம் தேதிதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டார். அன்று ராத்திரியே புராஸ்டேட் வீங்கி, வலியில் துடித்துப் போனார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன். இனி நம்மால் ஆகாது என்று பயந்து ராஜினாமா முடிவைக் கடிதமாக அனுப்பினார். பிளாக்பூலில் நடந்துகொண்டிருந்த கட்சி மாநாட்டில் 10-ம் தேதி அது வாசிக்கப்பட்டது. மாநாட்டுப் பந்தலே சந்தைக்கடை ஆனது.

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு வந்தது புற்றுநோய் இல்லை. அதற்குப் பிறகு 23 வருஷம் இருந்து, 92 வயதில்தான் போய்ச் சேர்ந்தார். இதுதான் எங்கள் முதல் பெரிய ஆணி. "ஐயா, பயப்படாதீங்க, ரெண்டு மாசத்துல எழுந்து நடப்பீங்க" என்று ஒரு டாக்டர் காதில் அழுத்திச் சொல்லியிருந்தால்? அந்த டாக்டர் வேஷம் கேட்டு நாலு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் சிபாரிசுக்கு வந்தார்கள். நாடகத்திலாவது டாக்டர் ஆகட்டும் என்ற ஆசை.

நாற்காலிக்கு முதல் உரிமை ராப் பட்லருக்கு. பிறந்தது பிரிட்டிஷ் இந்தியாவில், அட்டாக்கில், அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இடைநிலைக் கல்வி கட்டணமில்லாமல் கிடைக்க வழிசெய்த 1944 கல்விச் சட்டம் இவர் பெயரால்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. நிதி மந்திரி, உள்துறை மந்திரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பழகியவர் வேறு. 1953-ல் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்தபோது, அடுத்தவர் ஈடனும் அமெரிக்காவில் ஆபரேஷனுக்குப் போயிருந்ததால், மந்திரிசபைக் கூட்டங்களை நடத்தியவர் பட்லர். 1956-ல் சூயஸ் குளறுபடிக்குப் பிறகு ஈடன் உடம்பு தேற ஜமைக்காவுக்குப் போனார். தங்கியது ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங்கின் கடலோர வீட்டில்! அப்போதும் லண்டனில் வண்டியை இழுத்தவர் பட்லர். 1957-ல் நாற்காலி காலியானது, மேக்மில்லன் தட்டிக்கொண்டு போனார். இப்போது 1963, மேக்மில்லன் ஆஸ்பத்திரியில், பொறுப்பு மறுபடி பட்லர் கையில். மூன்றாவது தடவை.

ஆனால் மேக்மில்லனுக்குப் பட்லரைக் கண்டால் ஆகாது. கட்டிலில் படுத்தபடியே ஆட்களை விட்டு மந்திரிகளையும் எம்.பி.க்களையும் யார் வேண்டும் என்று விசாரிக்கச் சொன்னார். ஓட்டுப்பெட்டி கிடையாது. காதோடு காதாகக் கேட்பது, குறிப்பெடுப்பது. கடைசியில் சட்டியிலிருந்து வெளியே வந்த பெயர் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஹோம் பிரபு. 18-ம் தேதி ராணியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேக்மில்லன் ஒரு கடுதாசியை வாசித்துக் காட்டினார். வேலை முடிந்தது.

ஹோமும் பிரபு, 1940-ல் ஹாலிஃபாக்ஸும் பிரபு. அன்றைக்கு முடியாதது இன்றைக்கு எப்படி முடிந்தது? மொட்டை மாடியில் எல்லோரும் வாயைப் பிளந்த இடம் இது. டோனி பென் என்று ஒரு தொழிற்கட்சிக்காரர். அப்பா இறந்ததும் பிரபுப் பட்டம் தன் தலையில் விழுந்து, எம்.பி. பதவி போய்விட்டதே என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டி, பட்டத்தை வேண்டாமென்று துறக்கிற உரிமையை வாங்கினார். சட்டம் வந்தது 1963 ஜூலை 31-ல். அந்த மை காய்வதற்குள், அவர் ஜென்ம எதிரியான கன்சர்வேட்டிவ் கட்சியின் பிரபு ஒருவர் அதே கதவு வழியாக உள்ளே நுழைந்து பிரதமராகிவிட்டார். பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் ஜெயிக்கிற வரைக்கும் இரண்டு வாரம் இங்கிலாந்துப் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை. நம்மூரில் ஆறு மாதம் வரை இது சகஜம். அங்கே அதிசயம்.

ஹோமின் பெயர் கசிந்த 17-ம் தேதி ராத்திரி, மந்திரி ஈனாக் பவல் வீட்டில் பட்லர் ஆதரவாளர்கள் கூடினார்கள். "ஹோமின் கீழே வேலை செய்ய மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆட்சி உங்களுடையது" என்று பட்லருக்குச் சேதி போனது. பட்லர் சொல்லவில்லை. கட்சி உடையக்கூடாது என்றார், வெளியுறவு மந்திரி பதவியை வாங்கிக்கொண்டார். குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கையில் கொடுத்தோம், சுட்டால் சத்தம் வருமா என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டார் என்கிற பாணியில் பவல் பிற்பாடு நொந்துகொண்டார்.

துப்பாக்கி என்றதும் கண்டக்டர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்களுக்கு அது பேச்சு சார். நமக்கு நெஜம்."

நிஜம்தான். 1967 ஜனவரி 12, சாயங்காலம். ராமாவரம் தோட்டம். பட விஷயம் பேச வந்த எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். குண்டு எம்.ஜி.ஆரின் காதோரம் பாய்ந்து கழுத்தில் தங்கியது. இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கிற போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். ஒரு அங்குலம் தள்ளிப் பாய்ந்திருந்தால் 1972-ல் அ.தி.மு.க. இல்லை, 1977 இல்லை, ஜெயலலிதா சினிமாவோடு நின்றிருப்பார். ஐம்பது வருஷத் தமிழக அரசியல் மொத்தமும் காணாமல் போகிறது. உயிருள்ள ஆணி என்றால் இதுதான்.

அதே ஆணியை வேறு பக்கமாகப் பிடுங்கிப் பாருங்கள், துப்பாக்கியே வெடிக்கவில்லை என்று. அந்த அனுதாபம் இல்லாமல் 1967-ல் தி.மு.க. ஜெயித்திருக்குமா? ஜெயித்திருக்கும் என்பது என் கட்சி. அரிசித் தட்டுப்பாடு வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி கூட்டணியில் இருந்தது. விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 ஓட்டில் தோற்கடித்த தேர்தல் அது. கழுத்துக் கட்டு போஸ்டர் பானையில் கொஞ்சம் உப்பு போட்டது, அவ்வளவே. உலை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

இப்போது மேடைக்குப் பின்னால் வாருங்கள், ஒரு ரகசியம் காட்டுகிறேன். பட்லராக நடிக்கிற பையன் கோட்டைக் கழற்றுகிறான். இடுப்பில் கரைவேட்டி சுற்றி, தோளில் துண்டு போட்டுக்கொள்கிறான். நாவலர் நெடுஞ்செழியன்! ஆள் பற்றாக்குறையால்தான் இரண்டு வேஷத்தையும் ஒருவனுக்கே கொடுத்தோம். இரண்டாம் நாள் ஒத்திகையில் பேங்க் சார் திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ரெண்டும் ஒரே ஆள்தான்யா!"

ஒப்பிட்டுப் பாருங்களேன். பட்லர் கல்விச் சட்டம் கொண்டுவந்த கல்வி மந்திரி. அண்ணா மந்திரிசபையின் கல்வி மந்திரி நாவலர். இருவருமே பிற்பாடு நிதி இலாகா பார்த்தவர்கள். பட்லர் மூன்று தடவை பொறுப்பில் இருந்து ஒரு தடவையும் பிரதமர் ஆகாதவர். நாவலரோ அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3-லிருந்து ஒரு வாரம் தற்காலிக முதல்வர், 1984-ல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சைக்குப் போயிருந்தபோது இங்கே பொறுப்பைப் பார்த்தவர். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் ஜானகி பதவியேற்கும் வரை மறுபடி தற்காலிக முதல்வர். இவருக்கும் மூன்று தடவை! தூக்கிவாரிப் போடவில்லை? டெல்லியிலும் இவர்களுக்கு ஒரு பங்காளி உண்டு. நேரு மறைந்தபோதும் சாஸ்திரி மறைந்தபோதும் தற்காலிகப் பிரதமராக இருந்து, இரண்டு தடவையும் இரண்டு வாரத்துக்குள் எழுந்துகொண்ட குல்சாரிலால் நந்தா. அவருக்கும் ஒரு காட்சி வைக்கலாம் என்று பார்த்தோம். அந்தப் பையனுக்கு மூன்றாவது உடை மாற்ற நேரம் இல்லை.

1956 திருச்சி மாநாட்டில் "தம்பி வா, தலைமையேற்க வா" என்று அண்ணா கூப்பிட்டது நெடுஞ்செழியனைத்தான். அந்தக் குரல் பதின்மூன்று வருஷம் அவர் காதில் இருந்திருக்கும். அண்ணா போன அந்த வாரம் மந்திரிகளின் வீடுகளிலும் எம்.எல்.ஏ.க்கள் தங்கிய அறைகளிலும் விளக்கு அணையவில்லை. எம்.ஜி.ஆர். கலைஞர் பக்கம் நின்றார். பொதுப்பணித் துறை மந்திரியாக இருந்த கருணாநிதி பிப்ரவரி 10-ல் முதல்வரானார். நாவலர் முதலில் மந்திரிசபையில் சேரவில்லை. ஜூலையில் கட்சித் தலைமைக்கு மோதல் வந்தது. பெரியாருக்காக என்று அண்ணா காலியாகவே வைத்திருந்த தலைவர் பதவியில் கருணாநிதி அமர, நாவலர் பொதுச்செயலாளர் என்று சமரசம். பிறகு நாவலரும் மந்திரிசபைக்குள் வந்தார். எங்கள் நாடகத்தில் பட்லருக்கும் நாவலருக்கும் ஒரே வசனம்தான் எழுதியிருக்கிறோம்: "எனக்குக் கட்சி ஒற்றுமைதான் முக்கியம்." கோட்டு போட்டுக்கொண்டு ஒரு தடவை, துண்டு போட்டுக்கொண்டு ஒரு தடவை.

இந்த ஆணியைப் பிடுங்குவதில்தான் மொட்டை மாடி இரண்டாகப் பிளந்தது. நாவலர் முதல்வராகியிருந்தால், கணக்குக் கேட்ட எம்.ஜி.ஆரை 1972-ல் நீக்கியிருக்க மாட்டார்கள், கட்சி உடைந்திருக்காது என்பது தங்கச்சியின் வாதம். கண்டக்டர் அண்ணன் விடவில்லை. "விருகம்பாக்கம் மாநாட்டுல அண்ணா பட்டியல் படிச்சப்ப சைதாப்பேட்டைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? பதினோரு லட்சம்னாரு!" தேர்தல் நிதிக்கு அவ்வளவும் திரட்டிக் கொடுத்தவர் சைதாப்பேட்டை வேட்பாளர் கருணாநிதி. ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியவருக்கு ஒவ்வொரு மாவட்டச் செயலாளரின் வீட்டுத் திண்ணையும் தெரியும். 'முரசொலி' கையில் இருந்தது. நாவலருக்கு இருந்தது அழகான தமிழும் அண்ணாவின் ஒரு வாக்கியமும். முதல்வர் நாற்காலியில் அவர் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கலாம், கட்சி அவர் கையில் நின்றிருக்காது. நான் கண்டக்டர் அண்ணன் பக்கம்.

பட்லர் ஆணி அப்படியில்லை. இங்கேதான் பேங்க் சார் கரும்பலகையும் சாக்பீஸுமாக எழுந்து நின்றார். 1964 அக்டோபர் தேர்தலில் ஹோமைத் தோற்கடித்து ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி வாங்கியது 317 இடம். பெரும்பான்மை வெறும் நாலு! ஹோமின் இடத்தில் மக்களுக்கு முகம் தெரிந்த பட்லர் நின்றிருந்தால் அந்த நாலு வந்திருக்குமா? சந்தேகம்தான். அதோடு முடியவில்லை. காதோடு காதாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஊர் சிரித்ததால், 1965-ல் கன்சர்வேட்டிவ் கட்சி முதல் முறையாக எம்.பி.க்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. எட்வர்ட் ஹீத் வந்தார். அதே ஓட்டுச்சீட்டு வழியாகத்தான் 1975-ல் மார்கரெட் தாட்சர் ஹீத்தை முதல் சுற்றில் 130-க்கு 119 என்று வீழ்த்தினார். 1990-ல் தாட்சரையும் அதே சீட்டு வீழ்த்தியது. முதல் சுற்றில் அவருக்கு 204, எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152. விதிப்படி 56 ஓட்டு வித்தியாசம் வேண்டும், இருந்தது 52. எதிரணியிலிருந்து இரண்டே இரண்டு எம்.பி.க்கள் இந்தப் பக்கம் வந்திருந்தால் 206-க்கு 150, தப்பித்திருப்பார். "ரெண்டு பேரு! நம்ம லிஃப்ட்ல ஏறுற அளவு கூட இல்ல" என்று சார் சாக்பீஸை உடைத்தார். பாரிஸில் மாநாட்டுக்குப் போயிருந்த தாட்சர் லண்டனிலேயே இருந்து நாலு எம்.பி.க்களோடு தேநீர் குடித்திருந்தால் போதும்.

ஆக, 1963-ல் பட்லர் "மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேலி இல்லை, அந்த ஓட்டுமுறை அப்போது வந்திருக்காது, தாட்சர் மேலே வந்த ஏணியும் இல்லை, அவரைக் கீழே தள்ளிய ஏணியும் இல்லை! எங்களுக்குத் தலை சுற்றியது. சுண்டல் வந்ததால் நின்றது.

தோற்றவர்கள் சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று இதை வைத்துச் சட்டம் போட முடியாது. 2017 பிப்ரவரி 7 ராத்திரி ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்து எழுந்து, பட்லரும் நாவலரும் செய்யாததைச் செய்தார்: கட்சித் தலைமையை எதிர்த்து வாயைத் திறந்தார். எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் ரிசார்ட்டில். 18-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிர்த்து 11. துப்பாக்கியை எடுத்துச் சுட்டும் பார்த்தாகிவிட்டது. ரிசார்ட்டில் இருந்தவர்களின் கணக்கு வேறாக இருந்தது.

ஒரு காட்சியை எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டுவிட்டோம். 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்திலிருந்து போரூர், பூந்தமல்லி வழியாக, எங்கள் வாசல் ரோட்டில்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அதற்குக் கொஞ்சம் முன்னால் விசாகப்பட்டினத்தில் அவருடைய விமானம் பழுதாகி, இன்றைக்குப் போக முடியாது என்று கிளம்பிவிட்டவரைச் சரியாகிவிட்டது என்று சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு ஆணியை யாரும் தொட வேண்டாம் என்று கண்டக்டர் அண்ணன் சொன்னார். பொங்கல் மேடையில் அது விளையாட்டாகக்கூடாது. வழக்கு நடந்த தனி நீதிமன்றமும் பூந்தமல்லியில்தான் இருந்தது. அந்தப் பக்கம் வந்து போன வண்டிகளை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஃப்ளாட்ஸிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாகப் பட்லருக்கு நேர்ந்ததைச் சொல்லாவிட்டால் அவருக்காக வருத்தப்படுவீர்கள். 1965-ல் அரசியலை விட்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குத் தலைவராகப் போய், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ராஜா மாதிரி இருந்தார். நம்ம கணித மேதை ராமானுஜன் இருந்த அதே டிரினிட்டிதான். நாவலர் 1991 முதல் 1996 வரை ஜெயலலிதா மந்திரிசபையில் நிதியைக் கவனித்துவிட்டு 2000-ல் மறைந்தார்.

என் தீர்ப்பு இது: பட்லர் ஆணி உயிருள்ளது, நாவலர் ஆணி இல்லை. லண்டனில் அன்றைக்குத் தலைவரைத் தீர்மானித்தது ஒரு கட்டிலைச் சுற்றி நின்ற சிலபேர். அவர்களை ஒரு வார்த்தை மிரட்டியிருந்தால் போதும். இங்கே தீர்மானித்தது கட்சிக்காரர்களின் திண்ணை; அதற்கு ஒரு வார்த்தை போதாது. பேங்க் சார் இதை ஒப்புக்கொள்ளவில்லை, பொங்கலன்று ஓட்டெடுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். உங்கள் காலனியிலும் இந்த ஆட்டத்தை ஆடிப் பாருங்கள், செலவு ஒன்றும் இல்லை. ஆனால் 2017-ஐ மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள். எங்கள் ஃப்ளாட்ஸில் இரண்டு வீடுகள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.